நாலு பேர் என்ன சொல்லுவாங்க? கூட்டத்துக்கு நடுவே ‘இரண்டாவது ஆளை’த் தேடுவது பற்றி

(எபிசோடின் எழுத்து வடிவம். பேசியதை வாசிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

இந்த வாரம் கொஞ்சம் கனமான விஷயம். ஆனா உங்கள்ல நிறைய பேர் இதைத் தினமும் சுமந்துக்கிட்டுத்தான் இருக்கீங்க.

இப்படி ஒருத்தரை நினைச்சுக்கோங்க. வேலை சோழிங்கநல்லூர்ல. ஊரு சேலம் பக்கம்னு வெச்சுக்கலாம். திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் பக்கத்து சீட்டுல இருக்கிறவர் என்ன சாதின்னு தெரியாது, தெரிஞ்சுக்கணும்னும் தோணாது. சனிக்கிழமை காலையில ஊர்ல பஸ்ஸை விட்டு இறங்கினா பேச்சே வேற. அத்தை வீட்டுக் கல்யாணத்துல எத்தனை பவுன் போட்டாங்க, மாப்பிள்ளைக்கு கார் உண்டா இல்லையா. குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல ‘நம்ம ஆளுங்க’ பெருமை பேசுற வீடியோ. வீட்டு வேலைக்கு வர்ற அக்காவுக்குத் தனி டம்ளர். இவருக்கு உள்ளே என்னமோ பண்ணுது. எதுவும் சொல்லல. ஞாயித்துக்கிழமை ராத்திரி திரும்ப பஸ் ஏறிடுறார்.

சென்னை மட்டும் ரொம்ப சுத்தமான்னு கேட்டா, அதுவும் இல்லை. வாடகைக்கு வீடு தேடிப் பாருங்க. “சாப்பாடு எப்படி, வெஜ்ஜா?”ன்னு ஆரம்பிக்கிற கேள்வி எங்கே போய் முடியும்னு உங்களுக்கே தெரியும். கல்யாணம் ஆகாத பொண்ணுங்க ரெண்டு பேர் சேர்ந்து வீடு கேட்டா அது தனிக் கதை.

நம்மைச் சுத்தி இருக்கிறவங்க சரின்னு நினைக்கிறது நமக்குத் தப்பா படுது. நாம சரின்னு நினைக்கிறது அவங்களுக்குத் தப்பா படுது. இப்படி ஒரு இடத்துல எப்படி வாழறது? வழக்கமா ரெண்டு அறிவுரை கிடைக்கும். ஒண்ணு, ‘ஊரோடு ஒத்து ஓடு’. இன்னொண்ணு, ‘ஊரைத் தூக்கிப் போட்டுட்டுப் போய்க்கிட்டே இரு’. நிஜத்துல நம்மள்ல பெரும்பாலானவங்க இந்த ரெண்டுக்கும் நடுவுலதான் வாழறோம். அந்த நடு இடத்தைப் பத்தித்தான் இன்னைக்குப் பேசப் போறோம்.

கோடு அளக்கும் சோதனை

முதல்ல 1950களின் அமெரிக்காவுக்குப் போகலாம். சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார். ஒரு அறையில் ஏழிலிருந்து ஒன்பது பேர் வரை உட்கார்ந்திருப்பார்கள். ஒரு அட்டையில் ஒரு கோடு இருக்கும். இன்னொரு அட்டையில் வெவ்வேறு நீளத்தில் மூன்று கோடுகள். மூன்றில் எது முதல் கோட்டின் நீளம் என்று ஒவ்வொருவரும் சத்தமாகச் சொல்ல வேண்டும். சின்னக் குழந்தைகூடச் சொல்லிடும். தனியாக உட்கார வைத்துக் கேட்டபோது தப்பான பதில் 1 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் வந்தது.

விஷயம் என்னன்னா, அந்த அறையில் ஒருவர் மட்டும்தான் நிஜமாகச் சோதிக்கப்படுபவர். மற்ற எல்லோரும் ஆஷ் ஏற்கெனவே பேசி வைத்த ஆட்கள். மொத்தம் 18 சுற்று. அதில் 12 சுற்றுகளில் அவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி, வேண்டுமென்றே தப்பான கோட்டைச் சொல்வார்கள். நம்ம ஆளின் முறை கடைசியிலோ, கடைசிக்கு முன்னோ வரும்.

என்ன நடந்தது? அந்தச் சுற்றுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பதில்கள் கூட்டத்தோடு சேர்ந்து தப்பாயின. கண்ணெதிரே இருக்கிற கோடு! நான்கில் மூன்று பேர் ஒரு தடவையாவது கூட்டத்தோடு போனார்கள். பிறகு அவர்களிடம் பேசிப் பார்த்தபோது சிலர், ‘என் கண்ணுலதான் ஏதோ கோளாறுன்னு நினைச்சேன்’ என்கிற மாதிரி சொன்னார்கள். வேறு சிலருக்குத் தப்பு என்று நன்றாகத் தெரியும். தனியாகத் தெரிய வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

பெரும்பாலும் இந்தச் சோதனையைச் சொல்றவங்க இதோட நிறுத்திடுவாங்க. ‘பார்த்தீங்களா, மனுஷன் ஒரு ஆட்டு மந்தை’ன்னு முடிச்சிடுவாங்க. எனக்கு முக்கியமாப் படுறது இதோட அடுத்த பகுதி.

ஆஷ் ஒரு சின்ன மாற்றம் செய்தார். பேசி வைத்த ஆட்களில் ஒரே ஒருவரை மட்டும் சரியான பதிலைச் சொல்ல வைத்தார். கூட்டத்தில் மற்ற எல்லோரும் பழையபடி தப்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் கூட்டத்தோடு போவது சுமார் நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. பதிலைச் சத்தமாகச் சொல்லாமல் எழுதிக் கொடுக்கலாம் என்றபோதும் நன்றாகக் குறைந்தது.

இதைக் கொஞ்சம் யோசிங்க. அந்த மாணவர்களுக்குத் திடீர்னு வீரம் வந்துடல. யாரும் அவங்களுக்கு மோட்டிவேஷன் ஸ்பீச் கொடுக்கல. அறைக்குள்ள இன்னொரு ஆள் கிடைச்சாங்க, அவ்வளவுதான். நம்ம வீட்டுல பேச முடியாதப்போ, ‘எனக்குத் தைரியம் இல்லை’ன்னு நம்மளையே திட்டிக்குறோம். அதுக்குப் பதிலா, ‘இந்த அறைக்குள்ள எனக்கு இன்னொரு ஆள் இருக்காங்களா?’ன்னு கேட்டுப் பாருங்க. அந்தக் கேள்விக்கு ஏதாவது செய்ய முடியும்.

அந்த நாலு பேருக்கும் ஒரு நாலு பேர்

சரி, ஆள் எங்கே இருக்காங்க? எங்க வீட்டுல எல்லாருமே அப்படித்தான்னு நீங்க சொல்லலாம். இங்கே இன்னொரு ஆய்வு உதவும். இது சவுதி அரேபியாவின் ரியாத் நகரத்தில் நடந்தது. பொருளாதார ஆய்வாளர்கள் மூன்று பேர் சேர்ந்து செய்தது, 2020ல் வெளியானது.

கல்யாணமான சுமார் 500 இளைஞர்களை, ஒரே பகுதியைச் சேர்ந்தவர்களாகச் சின்னச் சின்னக் குழுக்களாக வரவழைத்தார்கள். பெண்கள் வீட்டுக்கு வெளியே வேலைக்குப் போக அனுமதிக்க வேண்டுமா என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக, பெயர் வெளியே தெரியாமல் கேட்டார்கள். 87 சதவீதம் பேர் ‘ஆமாம்’ என்றார்கள். அடுத்த கேள்வி: ‘இந்த அறையில் உங்களோட இருக்கிறவங்கள்ல எத்தனை பேர் ஆமாம்னு சொல்லியிருப்பாங்க?’ சுமார் நான்கில் மூன்று பேர் உண்மையான எண்ணிக்கையைவிடக் குறைத்துத்தான் மதிப்பிட்டார்கள்.

அதாவது ஒவ்வொருத்தரும், ‘எனக்கு ஆட்சேபணை இல்லப்பா, ஆனா மத்தவங்க ஒத்துக்க மாட்டாங்க’ன்னு நினைச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. பக்கத்துல இருக்கிறவரும் இதையேதான் நினைக்கிறார்.

பிறகு அவர்களில் பாதிப் பேருக்கு மட்டும் உண்மையான எண்ணிக்கையைச் சொன்னார்கள். மனைவிக்கு வேலை தேடித் தரும் சேவையில் பதிந்துகொள்ள விருப்பமா என்று எல்லோரிடமும் கேட்டார்கள். எண்ணிக்கை சொல்லப்படாதவர்களில் 23 சதவீதம் பேர் பதிந்தார்கள். சொல்லப்பட்டவர்களில் 32 சதவீதம். சில மாதம் கழித்துப் பார்த்தபோது, இரண்டாவது பிரிவினரின் மனைவியர் வெளி வேலைகளுக்கு அதிகம் விண்ணப்பித்திருந்தார்கள், நேர்காணலுக்கும் அதிகம் போயிருந்தார்கள். யாருடைய கொள்கையையும் யாரும் மாற்றவில்லை. பக்கத்து ஆள் என்ன நினைக்கிறார் என்று தெரியவந்தது, அவ்வளவே.

நம்ம ஊர்ல ‘நாலு பேர் என்ன சொல்லுவாங்க’ன்னு ஒரு வார்த்தை இருக்கே. உங்க அப்பாவுக்கு அந்த நாலு பேர்ல ஒருத்தர் பெரியப்பா. பெரியப்பாவுக்கு அந்த நாலு பேர்ல ஒருத்தர் உங்க அப்பா. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துத் தயங்கிக்கிட்டு, அந்தத் தயக்கத்துக்குக் குடும்ப கௌரவம்னு பேர் வெச்சிருக்கவும் வாய்ப்பு இருக்கு.

இங்கே ஒரு எச்சரிக்கை. எல்லாரும் மனசுக்குள்ள நம்ம பக்கம்தான்னு நான் சொல்ல வரல. சாதியை, வரதட்சணையை, பொண்ணுங்களைக் கட்டுப்படுத்துறதை மனசார நம்புறவங்க நிறைய பேர் இருக்காங்க. ஆனா யார் நம்புறாங்க, யார் சும்மா தலையாட்டுறாங்கன்னு நாம இதுவரைக்கும் கேட்டுப் பார்த்ததே இல்லை. பந்தியில, எல்லார் முன்னாடியும் கேட்டா உண்மை வராது. எழுதிக் கொடுத்தப்போ மாணவர்கள் மாறினாங்க இல்லையா, அதே மாதிரிதான். மொட்டைமாடியில துணி எடுக்கும்போது சித்தியைத் தனியா கேட்டுப் பாருங்க. “சித்தி, உங்களுக்கு இதுல இஷ்டமா?” அந்தக் கேள்வியை அவங்ககிட்ட யாரும் இதுவரைக்கும் கேட்டிருக்க மாட்டாங்க.

வெளியேறுவது, பேசுவது, ஒட்டியிருப்பது

ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்று ஒரு பொருளாதார அறிஞர். 1915ல் பெர்லினில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933ல் ஜெர்மனியை விட்டு வெளியேறினார். 1940ல் பிரான்சின் மார்செய் நகரத்தில் இருந்துகொண்டு, நாஜிகளிடமிருந்து தப்பி ஓடும் அகதிகளை பிரனீஸ் மலை வழியாக ஸ்பெயினுக்கு அனுப்பும் வேலையில் உதவினார். வெளியேறுவது என்றால் என்ன என்பது உடம்பால் தெரிந்த மனிதர்.

அவர் 1970ல் ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். ஒரு அமைப்பு, அது கம்பெனியோ கட்சியோ நாடோ, சீர்கெடும்போது அதில் இருப்பவர்களுக்கு என்ன வழி என்பதுதான் கேள்வி. வெளியேறலாம். உள்ளே இருந்து குரல் கொடுக்கலாம். இந்த இரண்டில் எதை எப்போது செய்கிறோம் என்பதைத் தீர்மானிப்பதில் மூன்றாவதாக ஒன்றுக்குப் பங்கு இருக்கிறது: விசுவாசம், அதாவது அந்த இடத்தின் மேல் இருக்கிற ஒட்டுதல்.

இதுல ஒரு சங்கடம் இருக்குன்னு ஹிர்ஷ்மன் காட்டினார். வெளியேறுவது சுலபமாக இருந்தால், குரல் கொடுக்கக் கூடியவர்கள்தான் முதலில் வெளியேறிவிடுவார்கள். உள்ளே இருக்கிறவர்களின் குரல் இன்னும் மெலிந்துபோகும். நம்ம ஊர்க் கதையை இதுல வெச்சுப் பாருங்க. நல்லாப் படிச்சு, வரதட்சணை வேண்டாம்னு சொல்லக்கூடிய அண்ணன் பெங்களூருக்கோ டொரான்டோவுக்கோ போயிடுறார். சித்தப்பா பொண்ணு ஊர்லயே இருக்கா. அவளுக்காகப் பேச அந்த வீட்டுல இருந்த ஒரு ஆளும் இப்ப இல்லை.

அப்படின்னா வெளியேறக்கூடாதா? நிச்சயமா போகலாம். மூச்சு முட்டுற இடத்தை விட்டுப் போறது கோழைத்தனம் இல்லை. ஆனா ரெண்டு விஷயம் தெரிஞ்சுக்கிட்டுப் போங்க. முதலாவது, நீங்க போற இடத்துக்கு ஊரும் பின்னாடியே வரும். சாதிச் சங்கம் வெளிநாட்டுலயும் பொங்கல் விழா நடத்தும், குடும்ப குரூப் உங்க பாக்கெட்லயேதான் இருக்கும். இரண்டாவது, தூரத்துல இருந்தும் குரல் கொடுக்கலாம். சொந்தச் சம்பளம், சொந்த வீடுன்னு இருக்கிறவங்களுக்குப் பேசுறதால வர்ற இழப்பு குறைவு. அந்தச் சித்தப்பா பொண்ணுக்கு அது எட்டு மணி நேரம் தள்ளி இருந்தாலும் ஒரு ஆள்தான்.

எல்லாருக்கும் ஒரே விலை இல்லை

இந்த இடத்துல நிறுத்தி ஒண்ணைத் தெளிவாச் சொல்லணும். ‘தைரியமாப் பேசு’ங்கிறது சொல்றவங்களுக்குச் சுலபம். பேசுறதுக்கான விலை ஆளுக்கு ஆள் மாறும். ஆண் பேசுறதும் பெண் பேசுறதும் ஒண்ணில்லை. ஆதிக்க சாதி வீட்டுப் பையன் சாதி வேண்டாம்னு சொன்னா அவனைப் ‘புரட்சிக்காரன்’னு கிண்டல் பண்ணுவாங்க. தலித் வீட்டுப் பையன் சொன்னா என்ன ஆகும்?

2016 மார்ச் 13. உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே, பட்டப்பகலில், சங்கர் என்ற தலித் இளைஞரும் அவர் மனைவி கௌசல்யாவும் வெட்டப்பட்டார்கள். சங்கர் இறந்தார். கௌசல்யா உயிர் பிழைத்தார், சாதி ஆணவக் கொலைகளுக்கு எதிராகப் பொதுவெளியில் பேசத் தொடங்கினார். அவர்கள் செய்த ‘குற்றம்’ சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டது. நாம ‘மதிப்பீடுகள் வேறுபடுது’ன்னு மென்மையாச் சொல்றோமே, சில வீடுகள்ல அதுக்கு அர்த்தம் இதுதான்.

அதனால உங்க வீட்டுல அடி, மிரட்டல், அடைச்சு வெக்கிறது மாதிரி அறிகுறி இருந்தா, இந்த எபிசோட்ல மீதி இருக்கிற எல்லாத்தையும் ஒதுக்கி வெச்சிடுங்க. விவாதம் பண்ணி ஜெயிக்க வேண்டிய இடம் அது இல்லை. முதல்ல பாதுகாப்பு. உங்க வயசுச் சான்று, படிப்புச் சான்றிதழ்கள், ஆதார் உங்க கையில இருக்கட்டும், இல்லைன்னா நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட இருக்கட்டும். உங்க பேர்ல மட்டும் ஒரு வங்கிக் கணக்கு வேணும். ராத்திரி எத்தனை மணிக்குக் கூப்பிட்டாலும் எடுக்கிற ஒரு நம்பர், தெரிஞ்ச ஒரு வழக்கறிஞர் வேணும்.

சட்டம் உங்க பக்கம் இருக்கு. வயது வந்த ஒருவர் தன் விருப்பப்படி யாரையும் மணக்கலாம் என்பதையும், அதற்காக அவர்களை மிரட்டுவது குற்றம் என்பதையும் உச்ச நீதிமன்றம் 2006லேயே லதா சிங் வழக்கில் சொல்லிவிட்டது. 2018ல் சக்தி வாகினி வழக்கில், இப்படிப்பட்ட தம்பதியருக்காக மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு, 24 மணி நேர உதவி எண் இவற்றுக்கெல்லாம் உத்தரவிட்டது, பாதுகாப்பு இல்லம் அமைப்பதைப் பரிசீலிக்கச் சொன்னது. தீர்ப்பில் இருப்பதெல்லாம் காவல் நிலையத்தில் அப்படியே நடக்கும் என்று நினைக்க வேண்டாம். ஆனால் தீர்ப்பின் பெயரைச் சொல்லிக் கேட்கத் தெரிந்திருப்பது உதவும்.

சுக்கிலநத்தத்தில் ஒரு கல்யாணம்

இப்ப, ஊரோட ஒத்துப் போகாதவங்க நீண்ட காலத்துக்கு எப்படித் தாக்குப் பிடிச்சாங்கன்னு பார்க்கலாம். இதுக்கு வெளிநாடு போக வேண்டாம், அருப்புக்கோட்டை பக்கம் போனா போதும்.

1928ல் அருப்புக்கோட்டைக்கு அருகே சுக்கிலநத்தம் கிராமத்தில், பெரியார் தலைமையில் ஒரு கல்யாணம் நடந்தது. புரோகிதர் இல்லை, மந்திரம் இல்லை, ஓமம் இல்லை. முதல் சுயமரியாதைத் திருமணம் என்று சொல்லப்படுவது இதுதான். அந்தக் காலத்துல ஊர் என்ன பேசியிருக்கும்னு நினைச்சுப் பாருங்க. ‘ஐயர் இல்லாம ஒரு கல்யாணமா?’ அந்த ஆரம்பத்திலிருந்து வருஷக்கணக்காக ஆயிரக்கணக்கானோர் அப்படிக் கல்யாணம் செய்துகொண்டார்கள். சட்டம் அவர்களை ஏற்றுக்கொண்டதா? இல்லை. 1953ல் சென்னை உயர் நீதிமன்றம், இப்படி நடந்த ஒரு கல்யாணம் இந்துச் சட்டப்படி செல்லாது என்று தீர்ப்பளித்தது. அதற்கு முன்னும் பின்னும் இப்படி மணந்த எல்லோரின் திருமணமும், அவர்கள் பிள்ளைகளின் வாரிசுரிமையும் ஒரே நாளில் கேள்விக்குறியானது.

அப்போதும் இந்தக் கல்யாணங்கள் நிற்கவில்லை. 1967ல் அண்ணா முதலமைச்சரான பிறகு, இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. 1968 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பே அப்படி நடந்திருந்த கல்யாணங்களும் செல்லும் என்றது அந்தச் சட்டம். முதல் கல்யாணத்திலிருந்து கணக்குப் போட்டால் சுமார் 40 வருஷம். 2023ல் உச்ச நீதிமன்றம் ஒரு படி மேலே போனது. குடும்ப எதிர்ப்புக்கும் உயிர்ப் பயத்துக்கும் நடுவில் இருப்பவர்களை ஊரறியத் திருமணம் செய்துகொள்ளச் சொல்வது அவர்களை ஆபத்தில் தள்ளலாம், 7ஏ பிரிவின் கீழ் அப்படிப் பொது அறிவிப்பு தேவையில்லை என்றது.

அதே மாதிரி இன்னொன்று. 1929ல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டில், பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். தமிழ்நாட்டில் அது சட்டமானது 1989ல். 60 வருஷம்! அந்த மாநாட்டை ஒட்டிப் பலர் தங்கள் பெயருக்குப் பின்னால் இருந்த சாதிப் பட்டத்தைத் துறந்தார்கள். இன்று நம்ம ஆபீஸ் ஐடி கார்டில் பெரும்பாலும் இனிஷியல்தான் இருக்கு. வட இந்தியாவில் இருந்து வர்ற நண்பர்கள், ‘உன் சர்நேம் என்ன?’ன்னு குழம்புறாங்களே, அதுக்குப் பின்னால இந்தக் கதையும் இருக்கு. சாதி போயிடுச்சான்னா, போகல. ஹவுஸ் ஓனர் வேற வழியில கண்டுபிடிச்சுக்கிறார். ஆனா பேருக்குப் பின்னாடி சாதியைப் போட்டுக்கிட்டா இன்னைக்கு இங்கே பல இடத்துல கூச்சம் வரும். அந்தக் கூச்சத்தை உருவாக்கவே ஒரு தலைமுறைக்கு மேல ஆச்சு.

அவங்க எப்படித் தாங்கினாங்க? கவனிச்சீங்கன்னா, ஊர் மாறுற வரைக்கும் காத்திருக்கல. தங்களுக்கு வேண்டிய சின்ன உலகத்தை அவங்களே கட்டிக்கிட்டாங்க. கல்யாணத்துக்கு ஒரு முறை, வாசிக்க ஒரு பத்திரிகை, கூடிப் பேச மாநாடு, துணைக்கு ஆட்கள். ஆஷோட அறையில இருந்த அந்த ஒரு ஆள், இங்கே ஒரு கூட்டமாவே இருந்தார். தனியா நின்னு 40 வருஷம் யாராலும் தாங்க முடியாது.

கடை ஜன்னலில் ஒரு பலகை

கடைசியா ஒருத்தர், செக் எழுத்தாளர் வாக்லாவ் ஹாவெல். கம்யூனிஸ்ட் ஆட்சியில் இருந்த செக்கோஸ்லோவாகியாவில், 1978ல் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். அதில் ஒரு காய்கறிக் கடைக்காரர் வருவார். மேலிடத்தில் இருந்து வந்த கோஷப் பலகையை வெங்காயத்துக்கும் கேரட்டுக்கும் நடுவில் ஜன்னலில் வைத்திருப்பார். அந்தக் கோஷத்தில் அவருக்கு நம்பிக்கை எதுவும் இல்லை. வைக்காவிட்டால் தொல்லை வரும், அதனால் வைக்கிறார். ஆனால் தெருவில் எல்லாக் கடையிலும் இருக்கும் பலகைகளைப் பார்க்கிறவர்களுக்கு, ஊரே நம்புகிறது என்று தோன்றும். நம்பாத ஒருவரின் பலகை, நம்பாத இன்னொருவரைப் பலகை வைக்க வைக்கிறது. இதை எழுதிய ஹாவெல் பிறகு பல வருஷம் சிறையில் இருந்தார். 1989 டிசம்பரில் அதே நாட்டுக்கு அதிபரானார்.

குடும்ப குரூப்ல அந்த வீடியோவுக்கு நீங்க போடுற கட்டைவிரல் இருக்கே, அதுதான் நம்மளோட பலகை. மாமா கோவிச்சுக்கக் கூடாதேன்னு போடுறோம். அதைப் பார்க்கிற தங்கச்சிக்கு, ‘அண்ணனும் அந்தப் பக்கம்தான்’னு தோணும். குரூப்ல சண்டை போட வேண்டிய கட்டாயம் இல்லை. அந்தக் கட்டைவிரலைப் போடாம இருந்தாலே, அவ உங்ககிட்ட வந்து பேச ஒரு வழி திறந்திருக்கும்.

சரி, திங்கட்கிழமையில் இருந்து என்ன செய்வது?

உங்களுக்கும் ஊருக்கும் ஒத்துவராத விஷயங்களை மூணாப் பிரிச்சு ஒரு பேப்பர்ல எழுதிப் பாருங்க.

முதல் பிரிவு, எனக்குப் பிடிக்கலை, ஆனா யாருக்கும் பெரிய பாதிப்பு இல்லை. நல்ல நேரம் பார்க்கிறது, நெத்தியில விபூதி பூசி விடுறது, ‘ஏன் இப்படி இளைச்சுட்டே’ன்னு கேட்கிறது. விட்டுடுங்க. ஒவ்வொண்ணுக்கும் சண்டை போட்டா, முக்கியமான விஷயம் வரும்போது உங்க பேச்சை யாரும் காதுல வாங்க மாட்டாங்க.

இரண்டாவது பிரிவு, யாரோ காயப்படுறாங்க, நான் பேசலாம். தனி டம்ளர் இதுலதான் வரும். இங்கே ‘நீங்க எல்லாரும் தப்பு’ன்னு ஆரம்பிச்சா அம்மா உடனே தற்காப்புக்குப் போயிடுவாங்க. “அம்மா, நான் இருக்கும்போது எல்லாருக்கும் ஒரே டம்ளர்லதான் காபி கொடுப்பேன்”னு சொல்லிட்டு, நீங்களே போட்டுக் கொடுத்துடுங்க. விவாதத்தைவிட ஒரு பழக்கம் சீக்கிரம் பரவும்.

மூன்றாவது பிரிவு, என்ன ஆனாலும் என் கையால செய்ய மாட்டேன். இந்தப் பட்டியல் சின்னதா இருக்கட்டும், உறுதியா இருக்கட்டும். என் கல்யாணத்துல வரதட்சணை கிடையாது, வாங்கவும் மாட்டேன், கொடுக்கவும் விட மாட்டேன்; 1961ல இருந்தே அது சட்டப்படி குற்றம். என் தங்கச்சியோட போனை அவளுக்குத் தெரியாம எடுத்துப் பார்க்க மாட்டேன். இந்த மாதிரி விஷயங்களைப் பொண்ணு பார்க்கப் போற அன்னைக்குச் சொன்னா குண்டு போட்ட மாதிரி இருக்கும். ரெண்டு வருஷம் முன்னாடி, யாரும் டென்ஷனா இல்லாத ஒரு நாள்ல சொல்லி வெச்சுடுங்க.

இன்னொரு விஷயம், நம்ம பக்கத்தையும் சோதிச்சுக்கணும். ஊர்ல இருக்கிற எல்லா மதிப்பீடும் பிற்போக்கு இல்லை. ‘எப்போ கல்யாணம்?’னு நச்சரிக்கிற அதே அத்தைதான், அப்பா ஆஸ்பத்திரியில கிடந்தா மூணு ராத்திரி வாசல்ல உட்கார்ந்திருப்பாங்க. சிட்டியில நமக்குச் சுதந்திரம் இருக்கு, பக்கத்து ஃபிளாட்டுல யார் இருக்காங்கன்னு தெரியாது. உறவுகளைத் தாங்கிப் பிடிக்கிறதுல அவங்ககிட்ட நாம கத்துக்க வேண்டியதும் இருக்கு. கத்துக்கத் தயாரா இருக்கிற ஆள் சொன்னா, அவங்களும் கொஞ்சம் கேட்பாங்க.

இந்த எபிசோட்ல இருந்து ஒரே ஒரு வேலை மட்டும் எடுத்துட்டுப் போகணும்னா, இதை எடுத்துக்கோங்க. இரண்டாவது ஆளா இருங்க. முதல் ஆளாப் பேசுறது எல்லாராலும் முடியாது. ஆனா அடுத்த விசேஷத்துல, யாராவது ஒரு மதினியோ தம்பியோ தயங்கித் தயங்கி, ‘எனக்கு இது சரியாப் படலை’ன்னு சொல்லுவாங்க. அந்த நொடியில எல்லாரும் தட்டைப் பார்ப்பாங்க. நீங்க தலையைத் தூக்கி, “எனக்கும் அப்படித்தான் தோணுது”ன்னு சொல்லுங்க. ஆஷோட சோதனையில தப்பான பதில்களை நாலுல ஒண்ணாக் குறைச்சது அந்த ஒரு குரல்தான்.

உங்க வீட்டுல, ஆபீஸ்ல உங்களுக்கு இரண்டாவது ஆளா இருந்தது யாரு? எழுதி அனுப்புங்க. முடிஞ்சா அதை அவங்ககிட்டயும் ஒரு தடவை சொல்லிடுங்க, அவங்களுக்கு அது தெரியாமலே இருக்கலாம். அடுத்த வாரம் சந்திப்போம்.